முப்பதாவது கட்டம்

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.40. எண்ணிக்கை: 212.

அன்புள்ள அக்காவுக்கு,

அது என்ன எண் என்று கேட்பாய். கடைசியில் எழுதலாம் என்று வைத்தால் நழுவிவிடுவேன், அதனால்தான் மேலேயே போட்டேன். முழுவதும் படித்துவிட்டு ஃபோன் செய், நடுவில் செய்யாதே. ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் பாதியில் நிற்கும். நம் பேச்சு வேறு எப்படி முடிந்திருக்கிறது?

முதலில் அப்பா. எடை போன மாதத்தைவிட ஒன்றரை கிலோ குறைவு. சளி பரவாயில்லை. வலது இமை மதியத்துக்கு மேல் தானாகச் சரிகிறது. கை, கால், வாய் எல்லாம் போய்விட்டாலும் புத்தி கத்தி மாதிரி இருக்கிறது. நேற்று நர்ஸம்மா மாத்திரை டப்பாவை இடம் மாற்றி வைத்துவிட்டார். அப்பா ஒரு முறை முறைத்தார் பார், அந்த அம்மா சிரித்துவிட்டார். "வாய் போயும் டிரைவர் திமிரு போகல பாருங்க" என்றார். அப்பாவுக்குக் கண்ணோரம் சுருங்கியது. சிரிப்பென்று அவரிடம் மிச்சம் இருப்பது அதுதான்.

கட்டிலுக்கு முன்னால் நான் பொருத்திய திரையை வீடியோவில் பார்த்திருக்கிறாய். அது எப்படி வேலை செய்கிறது என்று இப்போது உனக்குத் தெரிய வேண்டும். அதில் முப்பது கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம். "தண்ணீர்", "திருப்பிப் படுக்க வை", "ஃபேனைக் குறை", "நன்றி", இப்படி. ஒரு கட்டத்தை அப்பா இரண்டு விநாடி உற்றுப் பார்த்தால் கருவி அதை உரக்கச் சொல்லும். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமானால் எழுத்துப் பக்கம் தனியாக உண்டு. அங்கே ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்க வேண்டும். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். அவர் மூன்று எழுத்து எழுதுவதற்குள் நான் "தலகாணியா? ஜன்னலா?" என்று ஆரம்பித்துவிடுவேன். பாதி தடவை தப்பாக இருக்கும். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

முப்பதாவது கட்டம் அவரே கேட்டு வாங்கியது. "டாக்டரைக் கூப்பிடு. புதுச் சட்டப்படி என் உயிரை முடித்துக்கொள்ள உதவி கேட்கிறேன்." இதை எழுதி முடிக்க அவருக்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் ஆனது. அந்த ஒரு தடவை நான் குறுக்கிடவில்லை. படமும் அவர் சொன்னதுதான்: பஸ்ஸில் இறங்குகிறவர்கள் அடிக்கிற மணி. முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். "பெல் அடிச்சா நிறுத்தணும். ஏன் எறங்குறன்னு கேக்குறது நம்ம வேல இல்ல" என்று நமக்குச் சொல்வாரே.

உனக்கு இது தெரிந்ததும் நடந்த சண்டை நினைவிருக்கும். "பெத்த அப்பாவ நாமளே அனுப்பி வைக்கணுமா? நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாய். நான் என்ன சொன்னேன்? நீ அங்கே சோபாவில் உட்கார்ந்து அழுவது சுலபம், இங்கே வந்து ஒரு நாள் சளி எடுத்துப் பார் என்றேன். கோழை என்றேன். சட்டத்தை அடிக்கோடு போட்டு அனுப்பினேன். அவர் உயிர், அவர் முடிவு, இதில் நீ யார், நான் யார் என்று எழுதினேன். இன்றைக்கும் அந்த வாக்கியத்தில் தப்பில்லை. எழுதியவனிடம்தான் தப்பு.

சட்டம் கேட்பது எளிமையானது. நோயாளி தானாக ஒரு தடவை கேட்க வேண்டும். பதினைந்து நாள் கழித்து வேறொரு டாக்டர் முன்னால் மறுபடி கேட்க வேண்டும். அந்த டாக்டர் நோயாளியின் வாயில் வார்த்தையைப் போடக் கூடாது. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்கலாம். நோயாளி கேட்கவில்லை என்றால் கோப்பை மூடிவிடுவார்கள். பிப்ரவரி 5 அன்று முதல் டாக்டர் முன்னால் அப்பா மணியைப் பார்த்தார். கருவி சொன்னது. நான் கல் மாதிரி நின்றேன். என்னை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு. அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டே, நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக் கதை சொன்னேன். நான் பழுது பார்த்த சக்கர நாற்காலியை எங்கள் மேலாளர் சோதித்துப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்து, சரிவுப் பாதையில் போய்ப் பூந்தொட்டியில் விழுந்தார். அப்பாவின் கண்ணோரம் சுருங்கியது, தண்ணீர்கூட வந்தது. அப்படிச் சிரித்து மாதக்கணக்காகிறது. சிரித்து முடித்ததும் நேராக மணியைப் பார்த்தார். நான் நுரைக் கையோடு நின்றேன். கருவி அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தது.

கையைத் துடைத்துக்கொண்டு முப்பதாவது கட்டத்தை அழித்தேன். நான்கு விநாடி வேலை. நாளைக்குத் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

20ஆம் தேதி இரண்டாவது டாக்டர் வந்தார். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அப்பா அந்த வெற்று மூலையையே பார்த்தார். கருவி பேசவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். "மனசு மாறிட்டாரு போல" என்றேன், அக்கா. சத்தமாக, தெளிவாக, அப்பா காதில் விழும்படி. டாக்டர் கையில் ஒரு படிவம் இருந்தது. குடும்பத்தார் இவரைத் தூண்டினார்களா என்று அதில் நான்கு கேள்விகள். யாராவது தடுத்தார்களா என்று ஒன்றுகூட இல்லை. போகும்போது என் கையைப் பிடித்து, "நல்ல புள்ள. நல்லா பாத்துக்கறீங்க" என்றார். உனக்கு ஃபோன் செய்து, "அப்பா மனசு மாறிட்டாரு, நீதான் ஜெயிச்ச" என்றேன். நீ சந்தோஷத்தில் அழுதாய். அதற்கு நான் "சரி சரி, விடு" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

இன்று காலை திரை மந்தமாக இருந்தது. காரணம் தேடப் பதிவேட்டைத் திறந்தேன். கண் எங்கே, எத்தனை விநாடி நின்றது என்று கருவி எல்லாவற்றையும் குறித்துவைக்கும். நான்தான் அப்படி அமைத்தேன். ஒன்றுமில்லாத இடத்தில் கண் நின்றால் "பிழை" என்று எழுதும். பிழைகள் குவிந்துதான் திரை மந்தமாகியிருக்கிறது. எல்லாம் ஒரே இடம். இருபத்தொரு நாளில் 212 தடவை. நர்ஸம்மா போன வாரமே, "உங்கப்பா அந்த மூலையவே பாக்குறாரு, பல்லி கில்லி ஒட்டியிருக்கான்னு ரெண்டு தடவ தொடச்சேன்" என்றார். நான் கண் களைப்பு என்றேன்.

இன்னொன்றும் பதிவில் இருந்தது. 20ஆம் தேதி டாக்டர் இங்கே இருந்தபோது அப்பா எழுத்துப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். டாக்டர் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்க, நான் அவருக்குக் காபி போடப் போயிருந்தேன். "என் மகன் அதை" என்று எழுதியிருக்கிறார். அங்கே நின்று, பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்திருக்கிறார். எழுத எடுத்ததைவிட அழிக்க அதிக நேரம் ஆகியிருக்கிறது. நான் திரும்பி வந்தபோது திரை "நன்றி" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது டாக்டருக்கு என்று நினைத்தேன்.

என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காகத் தான் கேட்டதை விட்டுக்கொடுத்திருக்கிறார். அன்று மாலையே, தோசைக்கல்லைச் சரியாகக் கழுவவில்லை என்று நான் நர்ஸம்மாவிடம் சத்தம் போட்டேன். இப்படிப்பட்டவன் உன்னைக் கோழை என்றான்.

உன் பக்கம் நியாயமே இல்லை என்று இப்போதும் சொல்ல வரவில்லை. நமக்குப் பாரமாக இருக்கிறோம் என்றுதான் அப்பா கேட்கிறாரோ என்று நீ கேட்டாய். அது நல்ல கேள்வி. நான் பதில் சொல்லாமல் சட்டப் பிரிவைக் காட்டினேன். அதை நீ அவரிடமே கேட்டிருக்க வேண்டும். அவர் எழுதி முடிக்கிறவரை யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்பாவை இப்போது நர்ஸம்மா குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொல்வதற்கு முன்னால் உனக்கு எழுதுவதும் கோழைத்தனம்தான். உன்னிடம் சொல்வது சுலபம். அவர் அரை மணி நேரத்தில் திரை முன்னால் வந்துவிடுவார். இனி நான் செய்யப்போவது:

1. அவர் வருவதற்குள் முப்பதாவது கட்டத்தைத் திரும்ப வைப்பேன். அதே இடம், அதே மணி.

2. அவர் கண்ணுக்கு நேரே உட்கார்ந்து சொல்வேன். தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் பின்னால் நின்று சொல்ல மாட்டேன்.

3. அவர் மறுபடி மணியைப் பார்த்தால், நாளைக் காலை எட்டு மணிக்கு டாக்டருக்கு ஃபோன் செய்வேன். பார்க்காவிட்டாலும் செய்வேன். பொய் சொன்னதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

4. அடுத்த தடவை டாக்டர் வரும்போது நான் தெருமுனையில் இருப்பேன். நர்ஸம்மா உள்ளே இருக்கட்டும்.

5. நீ கிளம்பி வா, அக்கா. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. சண்டை போட வேண்டுமானால் அதையும் அவரிடமே போடு. அவர் பதில் சொல்வார்.

6. இனி அவர் என்ன எழுதத் தொடங்கினாலும், முடிக்கிறவரை நான் வாயைத் திறக்க மாட்டேன்.

உன் தம்பி