விட்டு வைத்த வீடு

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள கீர்த்தனியின் அப்பாவுக்கு,

பூரணி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால் அது பொய். சுகமில்லை என்று எழுதினால் நீங்கள் பயந்துபோய் லாபிரின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு ஓடி வருவீர்கள். பயத்தில் நீங்கள் வர வேண்டாம். கீர்த்தனி வேலைக்குப் போய் வருகிறாள், நான் மூன்று பேருக்குச் சமைத்து ஒரு பங்கை நாய்க்குப் போடுகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுவது எனக்குத் தெரியும். மைமூனா தினமும் போன் எடுத்துச் சொல்கிறா. அவவைக் கோபிக்க வேண்டாம். சிநேகிதன் லாபிரின் வீட்டில் போய் ஒளிக்கலாம், சிநேகிதனின் மனைவியின் வாயை மூட உங்களால் ஏலாது.

உங்கள் போன் நிறுத்தியபடியே கிடக்கிறது. கிண்ணியாவுக்குப் பாலத்தால் வர எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாதா? வந்து வாசலில் நின்று கூப்பிட்டால் லாபிரின் முகத்துக்காக எழும்பி வருவீர்கள். அதுவும் வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கல்யாணம் பேசிய காலத்தில் நீங்கள் கொழும்பில் கடையில் நின்றபோது எழுதியது. அதற்குப் பிறகு உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. கைக்கு எழுத்து மறந்துபோய்விட்டது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததை ஒருதரம் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதை நினைத்துக்கொண்டிருக்கிற விதம் வேறு, நான் நினைக்கிற விதம் வேறு. வேட்புமனுக் கொடுக்கிற கிழமை, குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்த என்னிடம் பேப்பரை நீட்டினீர்கள். பட்டியலில் பொம்பிளையள் காணாதாம், சும்மா பெயருக்குத்தான் பூரணி, ஒண்டும் வராது, கையெழுத்தை வையும் என்றீர்கள். நான் கையைத் துடைத்துவிட்டு வைத்தேன். அதற்குள் மீன் கருகிப்போனது. அவ்வளவுதான் இந்தத் தேர்தலில் என்னுடைய பங்கு. வெயிலில் அலைந்தது நீங்கள், கும்பிட்டது நீங்கள், தொண்டை கட்டிப்போய் இஞ்சித் தேத்தண்ணி குடித்ததும் நீங்கள்.

வட்டாரத்தில் நீங்கள் தோற்றீர்கள். ஆனால் எங்கள் சுயேச்சைக் குழுவுக்கு நகரம் முழுக்க விழுந்த வாக்குகளைச் சேர்த்துப் பார்த்ததில் பட்டியலுக்கு ஓர் ஆசனம் வந்தது. அதைப் பெண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் நின்றது. வாக்குச்சீட்டில் என் பெயர் இருக்கவில்லை, சின்னம் மட்டும்தான் இருந்தது. அந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போட்ட எங்கள் சனம் எல்லாம் உங்கள் முகத்தை நினைத்துத்தான் போட்டிருக்கும். உங்களை வெல்லவைக்கப் போதாத அதே வாக்குகள் என்னைச் சபைக்கு அனுப்புகின்றன. இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கும் விளங்கவில்லை.

எண்ணும் இடத்து வாசலில் பொடியன்கள் உங்களுக்கென்று வாங்கி வைத்த மாலையோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். நீங்கள்தான் அதை வாங்கி என் கழுத்தில் போட்டீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் படத்தை யாரோ பேஸ்புக்கில் போட, கனடாவில் இருக்கிற என் தங்கச்சி, அத்தான் எவ்வளவு பெரிய மனசு அக்கா என்று அழுதாள். படத்தில் நீங்கள் சிரிக்கிறீர்கள். அது கடைக்கு வருகிற கடன்காரனுக்குக் காட்டுகிற சிரிப்பு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த நாள் காலை, லாபிரின் மில்லில ஒரு வேலை கிடக்கு, போட்டு வாறன் என்றீர்கள். சைக்கிள் சாமான் விற்கிறவருக்கு அரிசி மில்லில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. போனவர் போனவர்தான்.

எனக்குக் கோபம்தான். மறைக்கவில்லை. மாலையைப் போட்டவர் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதன்கிழமை நான் மாவட்டக் கச்சேரிக்குப் போனேன். தேர்தல் அலுவலகத்தில் இருந்த பிள்ளையிடம், இந்த இடத்தை என்ர மனுசனுக்குக் குடுக்க ஏலுமா தங்கச்சி என்று கேட்டேன். அவள் சிரிக்காமல், மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். நீங்கள் விலகினால் பட்டியலில இருக்கிற வேற பொம்பிளைக்குத்தான் போகும் அம்மா, ஐயாவுக்குப் போகாது என்றாள். சரி என்று எழும்பி வந்தேன். படியில் இறங்கும்போது என் மனதுக்குள் ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. கொடுக்கத் தேவையில்லை என்ற சந்தோசம். பிறகு வெட்கமாகப் போய்விட்டது. உங்களுக்குத் தெரியாமல் அதை வைத்துக்கொண்டு உங்களோடு குடும்பம் நடத்த என்னால் ஏலாது. அதனால் எழுதிவிட்டேன். எனக்கும் ஆசை வந்துவிட்டது, அப்பா.

வெற்றி என்றால் வோட்டுக் கேட்டுப் போன வீடுகளுக்குத் திரும்பவும் போய் நன்றி சொல்ல வேண்டும். அது ஊர் வழக்கம். நீங்கள் இல்லாதபடியால் நானும் கீர்த்தனியும் வெள்ளியும் சனியும் பின்னேரங்களில் போனோம். எந்த வீட்டுக்குப் போனாலும், வாங்கோ இருங்கோ என்று கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு முதலில் கேட்கிற கேள்வி, அண்ணை எங்கே? முதல் வீட்டில் தடிமன் என்றேன். அடுத்த வீட்டில் காய்ச்சல் என்றேன். எங்கள் ஒழுங்கையின் வீடுகள் முடிவதற்குள் உங்களுக்கு வயிற்றுக்குத்தும் நாரிப்பிடிப்பும் வந்துவிட்டன. கீர்த்தனி என் காதுக்குள், அம்மா, இனி அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்தால்தான் சரி என்றாள். தையல் கடைக்காரி கொத்தமல்லி ஒரு பை கட்டித் தந்திருக்கிறா, அவித்துக் குடிக்கக் கொடுக்கட்டாம். அதையும் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். சனம் உங்களில் எவ்வளவு வாரப்பாடு என்று அந்தப் பையைத் திறந்து மணந்து பாருங்கள்.

நான் நன்றி சொல்லப் போன இடமெல்லாம் சனம் உங்களைப் பற்றித்தான் கதைத்தது. யாருடைய பிள்ளைக்கோ பள்ளிக்கூடத்தில் இடம் எடுக்க நீங்கள் கூடப் போனது, யாருக்கோ அடையாள அட்டை எடுத்துக் கொடுத்தது. எனக்குச் சொல்லாமல் இவ்வளவு வேலை செய்திருக்கிறீர்களே, வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் மட்டும் நாளைக்கு என்பீர்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, உங்களுக்கு வர வேண்டிய நன்றியை நான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒழுங்கை முடிவில், மதகடியில் இருக்கிற கமலேஸ்வரி அக்கா வீட்டுக்குப் போனபோதுதான் நான் நினைக்காதது நடந்தது. வழமை போல, உங்கட ஆதரவுக்கு நன்றி அக்கா என்று தொடங்கினேன். அவ கையைப் பிடித்து நிறுத்திவிட்டா. எனக்கு நன்றி சொல்லாதையும் பூரணி, நாங்கள் அவருக்கும் போடேல்ல, உமக்கும் போடேல்ல, உங்கட பெடியனுக்குப் போட்டனாங்கள் என்றா.

கீர்த்தனி வெளியே போய்விட்டாள்.

நீங்கள் நின்ற மூன்று தேர்தலிலும் ஒரு மேடையிலாவது எங்கள் யதுர்சனின் பெயரைச் சொன்னதில்லை. குழுவில் இருந்தவர்கள் சொல்லச் சொல்லி நின்றபோதும், பிள்ளையை வைச்சு வோட்டுக் கேக்கமாட்டன் என்று எழும்பிப் போனீர்கள். தண்ணீர் வடிகிற கானைப் பற்றி மட்டும் பேசினீர்கள். ஒழுங்கை தாழ்வு, மழைத் தண்ணி வடிய இடமில்லை, நுளம்பு பெருகுது, கானை வெட்டி மூடி வைக்க வேணும் என்று. கேட்கிற வேறு வட்டாரத்துச் சனத்துக்கு அது ஒரு கான். எங்கள் ஒழுங்கைக்கு அது ஒன்பது வயதில் டெங்கில் போன ஒரு பிள்ளை. நீங்கள் சொல்லாவிட்டாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மார்கழி மழைக்குத் தண்ணீர் படிக்கு வருகிற ஒவ்வொரு முறையும் தன் பேரப்பிள்ளைகளை வெளியே விடாமல் அவனை நினைத்துக்கொள்வாவாம் கமலேஸ்வரி அக்கா.

பிறகு அவ இன்னொன்றையும் நினைவுபடுத்தினா. செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் நன்றி நவிலல் அச்சடித்துக் கொடுப்பார்கள் அல்லவா? அவனுக்கு நாங்கள் அடிக்கவில்லை. அவன் படத்தைப் பேப்பரில் பார்க்க உங்களுக்கு ஏலாமல் இருந்தது, எனக்கு எழும்பி நடக்கவே ஏலாமல் இருந்தது. பாய் தந்தவர்கள், தேத்தண்ணி ஊற்றியவர்கள், பந்தல் போட்டவர்கள் ஒருவருக்கும் நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் கோவிக்கேல்ல பூரணி, இண்டைக்கு வாசலுக்கு வந்தனீர், அது காணும் என்றா அக்கா. அவவின் தோளில் சாய்ந்து நான் அழுதேன். தேர்தலில் வென்றவள் அழுகிறாள் என்று ரோட்டில் போனவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

நீங்கள் சனம் உங்களைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் அங்கே இருக்கிறீர்கள் என்று மைமூனா சொன்னா. இத்தினை வருசம் உழைச்சும் என்னை வேண்டாமெண்டிட்டாங்கள் என்று லாபிரிடம் சொன்னீர்களாம். அது பிழை, அப்பா. அது உங்களுடைய தோல்வியுமில்லை, என்னுடைய வெற்றியுமில்லை. அவனுடைய ஒழுங்கைச் சனம் அவனுக்குச் செய்தது. அதை அவன் வாங்கிக்கொள்ள ஏலாது. நாங்கள் இரண்டு பேரும்தான் அவனுக்காக வாங்க வேண்டும்.

எல்லா வீட்டுக்கும் போய்விட்டேன். ஒரு வீட்டை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். எது என்று உங்களுக்குத் தெரியும்.

ஹஸ்மி வீட்டுப் படலை வரைக்கும் போனேன். மனுசி உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றா. ஹஸ்மி அந்தப் பழைய ஆட்டோவைக் கழுவிக்கொண்டு நின்றார், தாடி நரைத்துவிட்டது. வோட்டுக்கு நன்றி என்று எந்த வீட்டிலும் சொல்லலாம். அந்த வீட்டில் அதைச் சொல்லிவிட்டு வர என்னால் ஏலாது. கீர்த்தனியைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

யதுர்சனுக்குக் காய்ச்சல் முற்றிய அந்த மழையில் நீங்கள் கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தீர்கள். அது உங்கள் பிழை இல்லை. எத்தனை தரம் சொன்னாலும் நீங்கள் கேட்பதில்லை. ரோட்டில் தண்ணீர் ஏறி ஆட்டோ நின்றுபோக, ஹஸ்மிதான் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தார். நான் பின்னால் நடந்தேன். அவன் அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு, அப்பா எப்ப வருவார் மாமா என்று கேட்டான். இந்தா வந்திடுவார் மகன் என்று அவர் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனார். இதை நான் இதுவரை உங்களுக்குச் சொன்னதில்லை. கேட்டால் தாங்கமாட்டீர்கள் என்று நினைத்தேன். அந்தக் கேள்விக்கு நீங்கள் வந்துதான் பதில் சொல்ல வேண்டும் போல எனக்கு இப்போது தெரிகிறது.

மூன்று தேர்தலிலும் அந்த வீட்டுக்கு மட்டும் நீங்கள் வோட்டுக் கேட்கப் போகவில்லை, வேறு ஆளை அனுப்பினீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? சந்தையில் அவரைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கத்தால் போவீர்கள். அவரில் உங்களுக்குக் கோபமில்லை. அன்றைக்கு நீங்கள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் அவர் நின்றுவிட்டார், அதற்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க ஏலவில்லை. இப்போது நீங்கள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன். பயம் எனக்கு அதுதான். ஹஸ்மியைப் பார்க்காமல் விட்டது போல என்னையும் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

சபை வருகிற வெள்ளிக்கிழமை முதல் தரம் கூடுகிறது. பேசக் கிடைத்தால் கானைப் பற்றித்தான் பேசுவேன். பேசும்போது அவனுடைய பெயரைச் சொல்லப் போகிறேன். நீங்கள் வேண்டாம் என்றால் இப்போதே சொல்லுங்கள். ஓம் என்றால் வந்து என் கண்ணுக்குத் தெரிகிற கதிரையில் இருங்கள். உங்கள் முகத்தைக் கண்டால் அழாமல் சொல்லி முடிப்பேன். காணாவிட்டால் பெயருக்கு முன்பே உட்கார்ந்துவிடுவேன்.

முதல் தேர்தலுக்குத் தைப்பித்து, வென்றால் போடுவதற்கென்று அலுமாரியில் வைத்த வெள்ளைச் சேட்டைத் தோய்த்து அயன் பண்ணிப் பையில் வைத்திருக்கிறேன். நீங்கள் மெலிந்துவிட்டீர்கள், தோளில் கொஞ்சம் தொங்கும். கீர்த்தனி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, தம்பி இருந்தால் அவனுக்கு இப்ப அளவாயிருக்கும் அம்மா என்றாள். நாளைக்கு லாபிரின் மில் லொறி சந்தைக்கு அரிசி இறக்க வரும். அதில் சேட்டு, கொத்தமல்லி, இந்தக் கடிதம் மூன்றையும் கொடுத்துவிடுகிறேன். லாபிருக்கும் மைமூனாவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். இத்தனை நாளும் உங்களுக்குச் சோறு போட்டதற்கு அவர்களுக்கும் நாங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை பின்னேரம் வந்தால் போதும். வீட்டுக்குள் வர முதல் நேரே ஹஸ்மி வீட்டுக்குப் போவோம். நீங்கள் ஒன்றும் கதைக்கத் தேவையில்லை, என் பக்கத்தில் நின்றால் காணும். கோணேசர் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
பூரணி

பி.கு.: சேட்டை லொறியில் திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.