கண்மாயில் எறிந்த மூணு பட்டை

மாப்ள,

அஞ்சு வருசமாப் பேசாதவன் எதுக்கு எழுதுறான்னு நினைப்ப. நலம் விசாரிக்க இல்ல.

நான் வேலை பார்க்குற காலேஜ்ல பாண்டிமீனான்னு ஒரு பிள்ளை எம்.இ. படிக்குது. மேலூர்ல இருந்து பஸ்ல வருது. வாழைநாரை ரெசின் பசையில அடுக்கடுக்கா ஒட்டிப் பட்டையாக்கி, எம்புட்டு இழுவை தாங்குதுன்னு மெஷின்ல இழுத்துப் பார்க்குது. எல்லாம் நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுன ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிச்சுத்தான்.

அதுல நம்ம போட்ட இழுவை அளவுல பாதிக்கு வர்றதுக்குள்ள அடுக்கு உரிஞ்சு வந்துருது. நாலு தடவை புதுசாச் செஞ்சிருச்சு. ரெசின் பட்டுக் கை பூரா புண்ணு. "நான் எங்க சார் தப்புப் பண்றேன்?"னு நேத்துக் கேட்டுச்சு.

நம்ம அஞ்சு பட்டையில மூணு அப்படித்தான உரிஞ்சுச்சு. அதுகளை நீ அவனியாபுரம் கண்மாய்ல எறிஞ்ச. நான்தான் வண்டியை நிறுத்துனேன். மிச்ச ரெண்டை மட்டும் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதுக்குப் பரிசு வாங்குன போட்டோ இன்னும் உன் வீட்டுச் சுவத்துல தொங்குதாமே. உன்னைய மட்டும் குத்தம் சொல்லல.

அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிறலாம்னு வாயைத் தொறந்தேன். "நாரைச் சரியாக் காயவச்சிருக்க மாட்ட"ன்னுதான் வந்துச்சு.

இன்னைக்கு ரெக்கார்டு நோட்டோட வந்து நின்னுச்சு. முடிவு எழுதுற இடத்துல, "செய்முறையில் பிழை என்னுடையது"ன்னு எழுதியிருந்துச்சு. படிச்சேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.

இப்படிக்கு,
அன்னைக்கும் கையெழுத்துப் போட்டவன்