தெளிந்த நீரில் நான் பார்க்காதது

அன்புள்ளவளே,

மகளின் பள்ளி ஓவிய வேலைக்காக இங்கே அமெரிக்காவில், எடிசனில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். அலமாரியில் ஒரு கறுப்பு மைப் புட்டி, அதன்மேல் ‘இந்தியா இங்க்’ என்று எழுதியிருந்தது. அங்கேயே நின்று சிரித்துவிட்டேன். “வாட் ஹாப்பன்ட், அம்மா?” என்றாள் மகள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

சாம்பியா ஆஸ்பத்திரி லேபில் நாம் ஒன்றாக வேலை பார்த்தபோது, பூஞ்சைக் கிருமியைக் கண்டுபிடிக்க உதவும் அந்த மை தீர்ந்தால் டாக்டர் நம் இருவரையும்தான் கேலி செய்வார். இந்தியாக்காரர்கள் இருவர் இருந்தும் இந்தியா இங்க் இல்லையா என்பார். “என் பெட்டியில புளிதாம்ட்டி இருக்கு” என்று உன் திருநெல்வேலித் தமிழில் என் காதில் முணுமுணுப்பாய்.

அந்த பஸ் டிரைவர் நினைவிருக்கிறதா? இரண்டு வாரமாகத் தலைவலி. முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீர் தெளிவாக இருந்தது. மூளைக்காய்ச்சல் என்றால் நீர் கலங்கியிருக்கும் என்று படித்த கர்வம் எனக்கு. மை கலந்து மைக்ராஸ்கோப்பில் மேலோட்டமாகப் பார்த்தேன். ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்த வார்டில் பாக்டீரியாவைவிடப் பூஞ்சைக்குப் பலியானவர்களே அதிகம், அதற்கு மருந்தும் வேறு. என் ரிப்போர்ட் வார்டுக்குப் போயிருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார்.

திரும்பி வந்தபோது அந்த ரிப்போர்ட் உன் கையில் இருந்தது. “தெளிவா இருந்தா சுத்தம்னு யாருட்டி சொன்னா? இன்னொரு தடவ பாரு” என்று மைக்ராஸ்கோப் முன்னாலிருந்து எழுந்து இடம் விட்டாய். குனிந்தேன். கறுப்பு மைக்கு நடுவே ஒளிவட்டம் கட்டிய பூஞ்சைகள். “இருக்குடி!” என்று கத்தினேன். சில வாரங்களில் அவர் மனைவியோடு நடந்தே வீட்டுக்குப் போனார்.

போன வருடம் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோன பிறகு, டல்லாஸில் இருக்கும் உன் மகளிடம் நான் அதிகம் பேசவில்லை. அழுதுவிடுவேனோ என்ற பயம்தான். மைப் புட்டியைப் பார்த்த அன்று சாயங்காலம் அவளை அழைத்து இதைச் சொன்னேன். “ஓ, அந்த பஸ் டிரைவரா! நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு அம்மா எப்பவும் சொல்வாங்க, ஆன்ட்டி” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று மைக்ராஸ்கோப்பில் நான் எந்தக் குமிழையும் திருகவே இல்லை. குனிந்ததுமே எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. எனக்கு முன்பே நீ பார்த்துவிட்டிருக்கிறாய், கள்ளி! இத்தனை வருடம் வாயே திறக்கவில்லையே. ஃபோனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன்.

இங்கே என் லேபில் யாராவது எதையாவது தவறவிட்டால், நானே திருத்தி எழுதி நாலு வார்த்தை திட்டியும்விடுவேன். என் சுபாவம் உனக்குத் தெரியாததா? நேற்று என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒரு கிருமியைத் தவறவிட்டாள். அதை மைக்ராஸ்கோப்பில் நடுவே கொண்டுவந்து நிறுத்திவிட்டு எழுந்தேன். இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன்.

“ஓ மை காட், இட்ஸ் ஹியர்!” என்று கத்தினாள்.

“எங்கே, காட்டு” என்று நானும் குனிந்தேன்.