அறுநூற்றுப் பதினான்கு ஆமென்

மார்ச் 9, ஞாயிறு, காலை பத்தே முக்கால். கூட்டம் 614, நானே தலை எண்ணினேன்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அன்பு வணக்கம். நான் நலம். அப்பாவின் கண் எப்படி இருக்கிறது?

"இந்த நாடே கடவுளை மறந்துவிட்டது" என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா? அன்று இதே ஜெபக் கூடத்தில் பதினொரு பேர். இன்று நாடு முழுக்க ஜெப நாள். நிற்க இடமில்லை, அம்மா! நான் போனது கம்பெனி வேலையாக மைக், ஸ்பீக்கர் பார்க்கத்தான்.

போதகர் இந்த ஊர் மொழியில் சொன்னார்: "நாட்டைத் திட்டினது போதும். அவங்கவங்க முட்டி போடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்த நாலு வருஷமாக 'ஜெபம் பண்ணினேன்' என்று உங்களிடம் சொன்னதெல்லாம் பொய். அங்கேயே முட்டி போட்டேன். "ஆண்டவரே, அப்பாவுக்குப் பார்வை தாரும், என்னை மன்னியும்" என்று தமிழில் முணுமுணுத்தேன். கையில் இருந்த டெஸ்ட் மைக்கை அணைக்கவில்லை! தமிழ் ஒரு வார்த்தைகூடப் புரியாத அத்தனை பேரும் "ஆமென்" என்றார்கள். கூரை அதிர்ந்தது.

போதகர் சிரித்தார். "தம்பி, மைக் நல்லா வேலை செய்யுது."

கம்பெனி வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். இனி செய்யப்போவது:

1. அப்பாவின் ஆபரேஷன் அன்று லீவு போட்டு ஜெபிப்பேன். தேதியும் மணியும் எழுதுங்கள்.
2. தினமும் வேதம் வாசிப்பேன். அம்மா கோடு போட்ட பழைய பிரதியையே அனுப்புங்கள்.
3. "ஜெபம் பண்ணினியாடா?" என்று போனில் கேட்டால் எரிந்து விழமாட்டேன். கேளுங்கள், அம்மா.