அவர் சொல்லாததை நான் சொன்னேன்

மார்ச் 12, செவ்வாய்

இந்த வாரமும் எங்கள் விமான எஞ்சின் ஆலைக்கு வந்த டர்பைன் வளையங்களில் பாதிக்கு மேல் கழிவுக்குப் போயின. வட்டமாக வரவேண்டியவை முட்டை முட்டையாக வந்திருக்கின்றன. கடைசல் வேலை செய்யும் செக் நாட்டுக்காரர்களைக் கேட்டால் உலையில் போட்டபோது வளைந்துவிட்டது என்கிறார்கள். உலை வைத்திருக்கும் ஜெர்மன்காரர்களைக் கேட்டால் கடையும்போதே உலோகத்துக்குள் இழுப்பு ஏறியிருந்தது, சூட்டில் அதுதான் வளைத்தது என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் பாதி உண்மை. அவர்கள் இதுவரை ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. நடுவில் ஒரு லாரியும், சாமான் வாங்கும் பிரிவிலிருக்கும் நானும்தான்.

தாமியான் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேலதிகாரி என்றாலும் கத்தமாட்டார். கத்தினால்கூடத் தேவலை.

"ரெனாட்டா, நம்ம ஜெஷூஃப் ஊர்ப் பக்கத்துலயே ஒரு ஜோடியைப் பிடி. கடைசலுக்கு ஒருத்தர், உலைக்கு ஒருத்தர். தினம் முகத்தைப் பாத்துப் பேசிக்கிற தூரத்துல இருக்கணும். கோடைக்குள்ள ஆகலேன்னா வளைய வேலை மொத்தமா நம்ம ஆலையை விட்டு வேற நாட்டு ஆலைக்குப் போயிடும்."

வளையப் பிரிவில் வேலை செய்பவர்களின் பெயர்கள் எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் கணவன் லேஷெக்கிடம் சொன்னேன். பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பில் பியெரோகிக் கொழுக்கட்டையை வாய்க்குள் தள்ளிக்கொண்டே, "அப்ப கல்யாணத் தரகர் வேலைன்னு சொல்லு" என்றான்.

மார்ச் 20

ஜோடி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கடைசலுக்கு வான்சுட் ஊரின் ஹென்ரிக். சின்னப் பட்டறைதான், ஆனால் இந்தப் பக்கத்தில் அவர் கைக்கு ஈடு கிடையாது. எங்களுக்குச் சில்லறைச் சாமான்கள் செய்து தருபவர், எனக்கு வருஷக்கணக்கான பழக்கம். வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு இதைக் கடைஞ்சது? கோபத்துல கடைஞ்சிருக்கான்" என்றார்.

உலைக்கு திச்சினில் இருக்கும் உர்ஷுலா. கணவர் இல்லை. தானே கட்டி எழுப்பிய தொழில். காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டுச் சூடேற்றும் வெற்றிட உலை, விமான வேலைக்கான சான்றிதழ் எல்லாம் வைத்திருக்கிறாள். டீ கொடுத்தாள். அப்போதுதான் சுவரில் இருந்த புகைப்படத்தைப் பார்த்தேன். கடைசல் இயந்திரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, வாயில் சிகரெட்டோடு ஒரு மனிதர். காலையில் ஹென்ரிக்கின் அறையில் பார்த்த அதே படம்.

"இவர் யாரு?"

"எங்கப்பா."

"வான்சுட்ல ஹென்ரிக்கோட அறையிலும் இதே…"

"அந்தப் பேரை இங்க எடுக்காதீங்க. டீ ஆறுது, குடிங்க."

மார்ச் 21

ஹென்ரிக்கின் மனைவி தனூத்தாவுக்குப் போன் செய்தேன். அவளுக்கு மறைக்கத் தெரியாது. தெரிந்தாலும் மறைக்கமாட்டாள்.

இருவரும் அண்ணன் தங்கையாம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன பிறகு பட்டறையை நடத்தியது உர்ஷுலாதானாம். ஹென்ரிக் அப்போது வெளிநாட்டில். அப்பாவை அடக்கம் செய்த அன்று, சாப்பாட்டு மேசையில், உறவுக்காரர்கள் முன்னால், ஹென்ரிக் சொன்னாராம்: "கடைசி நாள் வரைக்கும் அவரைப் பட்டறைக்கு இழுத்துட்டுப் போய்க் கொன்னது இவதான்." உர்ஷுலா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனவள்தான். ஒன்பது வருஷமாகிறது.

"அப்பாவே விரும்பித்தான் போனாரு. அது இவருக்கும் தெரியும்" என்றாள் தனூத்தா. "தெரியுறதுனாலதான் வாயைத் திறக்கமாட்டேங்கிறாரு."

ஏப்ரல் 30, செவ்வாய்

இருவருக்கும் வேலை தேவைப்படுகிறது. அதனால் ஒப்புக்கொண்டார்கள். இருவரும் போட்டது ஒரே நிபந்தனை — பேச்சு என் வழியாகத்தான்.

முதல் சோதனை. வளையங்கள் முட்டை.

ஹென்ரிக்: "அந்தம்மாகிட்ட சொல்லுங்க, இது ரொட்டி இல்ல, இஷ்டத்துக்கு அடுக்கி வேகவைக்கிறதுக்கு."

உர்ஷுலா: "முதல் வெட்டு முடிஞ்சதும் ஒரு தடவை என் உலைக்கு அனுப்பச் சொல்லுங்க. இழுப்பு பாதி அங்கயே தணிஞ்சிடும். அப்புறம் மிச்சத்தைக் கடையட்டும். ஆனா கேக்கமாட்டாரு. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அவள் சொன்னதுதான் சரி. சொன்னேன். "அவ எனக்குக் கடைசல் சொல்லித்தர்றாளா?" என்றார். மறுபடி இரண்டு சோதனை, மறுபடி முட்டை. தாமியான் என்னைத் தாண்டிப் போகும்போது கடிகாரத்தைப் பார்க்கிறார்.

மே 16, வியாழன்

என்ன செய்துவிட்டேன் இன்றைக்கு.

உர்ஷுலாவிடம் இனி முடியாது என்று சொல்லத்தான் போனேன். அவள் உலைக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்: "நான் ஒண்ணும் கல்லு இல்ல, ரெனாட்டா. அன்னைக்குச் சொன்னது தப்புன்னு ஒரே ஒரு வார்த்தை அவர் வாயிலேர்ந்து வந்திருந்தா, நானே ஓடிப்போயிருப்பேன்."

"வந்துச்சு" என்றேன்.

என் குரல்தானா அது? துணி அவள் கையிலேயே நின்றுவிட்டது.

"என்ன சொன்னாரு?"

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "'அன்னைக்கு மேசையில சொன்னது தப்பு, அப்பாவே விரும்பித்தான் போனாரு'ன்னு சொன்னாரு. நேர்ல சொல்ல வெக்கமா இருக்காம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதோ நல்லது செய்துவிட்டவள்போல.

மே 17

ஆரம்பித்ததை முடிக்க வேண்டுமே. ஹென்ரிக்கிடம், "உங்க முட்டி வலி எப்படி இருக்குன்னு தங்கச்சி விசாரிச்சாங்க. பழசை எல்லாம் விட்டுட்டாங்க" என்றேன்.

அவர் கடைசல் இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு, "முட்டி வலி அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

ஜூன் 7, வெள்ளி

வளையம் வட்டமாக வந்துவிட்டது. அளவு பார்க்கும் பெண் நம்பாமல் மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தாள்.

போன வாரம் முதல் வெட்டு முடிந்த கையோடு ஹென்ரிக் தானே வளையங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு திச்சினுக்குப் போனார். நானும் போயிருந்தேன். இருவரும் உலை முன்னால் குனிந்து, வளையத்தை எந்தத் தாங்கியில் எப்படி உட்கார்த்துவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். 'அந்தம்மா', 'அவரு' எல்லாம் போய், "நீ ஓரத்தைத் தாங்கு, நடுவை விட்டுடு" என்று பேச்சு வந்திருந்தது. நான் வந்ததையே கவனிக்கவில்லை.

நான் சத்தமில்லாமல் வண்டிக்குத் திரும்பினேன்.

ஜூன் 8

நான் சொன்ன பொய்களை லேஷெக்கிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22

ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு பட்டறையும் சேர்ந்து ஒரே சப்ளையர் என்ற கணக்கில். தாமியான் எல்லார் முன்னாலும், "கூட்டாளிங்கன்னா இப்படித்தான் இருக்கணும். ரெனாட்டா எப்படிச் செஞ்சான்னு மத்த பிரிவுக்காரங்க அவகிட்டக் கத்துக்கோங்க" என்றார். கை தட்டினார்கள். என்ன கற்றுக்கொடுக்க? எப்படிப் பொய் சொல்வது என்றா?

ஒரு நாள் தானே சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இவ்வளவு நெருக்கமான பிறகு யார் பழசைக் கிளறப் போகிறார்கள்?

நவம்பர் 1, வெள்ளி

புனிதர்கள் திருநாள். என் மாமியார் கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டு வான்சுட் போனோம். தூரத்தில் அவர்களைப் பார்த்தேன். அப்பாவின் கல்லறையில் இலைகளை உர்ஷுலா கூட்டிக்கொண்டிருந்தாள். ஹென்ரிக் விளக்கேற்றினார். நிமிர்ந்து அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் சிரித்துக்கொண்டே அவர் கழுத்துத் துண்டைச் சரிசெய்துவிட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

லேஷெக் சொன்னான், "உன் ஜோடிதானே? பாத்தா நல்லாத்தான் இருக்கு." வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

டிசம்பர் 23

உர்ஷுலா போன் செய்தாள். நாளைக்கு, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்து அண்ணன் வீட்டில். "பாப்பி விதைக் கேக் நான்தான் கொண்டு போறேன். எல்லாம் உன்னாலதான், ரெனாட்டா."

மேசையில் மெல்லிய கிறிஸ்துமஸ் அப்பத்தை உடைத்துக்கொள்வார்கள். ஒருவர் கையிலிருப்பதை ஒருவர் கிள்ளி, மனதில் இருப்பதை நேருக்கு நேர் சொல்ல வேண்டிய நேரம் அது.

இப்போதே சொல்லிவிடலாமா? போனை எடுத்தேன், வைத்தேன். விருந்துக்கு முந்தின நாள் யாராவது இதைச் சொல்வார்களா? — இப்படி எனக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

டிசம்பர் 25

போன் எதுவும் வரவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

ஒரே வண்டியில் வந்தார்கள். விடுமுறை வாரம், அலுவலகத்தில் என் பிரிவில் நான் மட்டும்தான்.

ஹென்ரிக் என்னை வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். இன்றைக்கு "பானி ரெனாட்டா" என்றார், அறிமுகமில்லாத பெண்ணை மரியாதையாக அழைப்பதுபோல. அப்போதே தெரிந்துவிட்டது.

உர்ஷுலாதான் பேசினாள். "அப்பத்தை உடைக்கும்போது கேட்டேன். அண்ணா, ரெனாட்டாகிட்டச் சொன்னதை ஒரே ஒரு தடவை என் காதுபடச் சொல்லுன்னேன். எதைன்னு கேட்டாரு."

நான் எழுந்து நின்றேன். உட்காரச் சொல்லத் தோன்றவில்லை. "வேலை நின்னுடக் கூடாதுன்னுதான்… உங்க ரெண்டு பேருக்கும் நல்லதுன்னு…"

"வேலையெல்லாம் நடந்துச்சு. நல்லாவே நடந்துச்சு. அதை யாரு குறை சொன்னா? இந்த ஏழு மாசமா நான் நிம்மதியாத் தூங்குனேன், ரெனாட்டா. யாரோட வார்த்தைய நம்பித் தூங்குனேன்?"

நான் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கினேன்.

ஹென்ரிக் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார். கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்: "நான் சொல்லத்தான் இருந்தேன். கல்லறையில வாய் வரைக்கும் வந்துச்சு. இவ முகத்தைப் பாத்தா, ஏற்கனவே எல்லாம் கேட்டு முடிச்ச மாதிரி இருந்துச்சு. எனக்குப் புரியல. இப்பப் புரியுது." சுருட்டிய தொப்பியை விரித்தார். "ஒன்பது வருஷமா தேடி வச்சிருந்தேன் அந்த வார்த்தைய. நீங்க எடுத்துச் சொல்லிட்டீங்க. இனிமே நான் என்ன சொன்னாலும் அது நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதானே இருக்கும்?"

மன்னித்துவிடுங்கள் என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தபோது எனக்கே அது நாறியது.

உர்ஷுலா கதவருகே நின்று, "வளையம் நேரத்துக்கு வந்துடும். அதுக்காக நீங்க பயப்பட வேண்டாம்" என்றாள். 'நீ' போய் 'நீங்க'.

ஜனவரி 9

ஒப்பந்தத்தைத் தொடர்கிறார்கள். ஒரே நிபந்தனை. இனி அவர்களிடம் பேச நான் வரக்கூடாது.

தாமியானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "நான் கேட்டது ஜோடி. எப்படின்னு கேக்கல. கேட்டிருக்கணும்" என்றார். என்னைப் பெட்டி, பலகை, பொதிச் சாமான் வாங்கும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார். அங்கே யாரும் யாரோடும் சேர வேண்டியதில்லை.

ஜனவரி 12

லேஷெக்கிடம் இன்றைக்குச் சொன்னேன். திட்டவில்லை. "என்கிட்ட இந்த மாதிரி ஏதாவது சொல்லியிருக்கியா, எங்கம்மா உயிரோட இருந்தப்ப அவங்க சொன்னதா, அக்கா சொன்னதா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அது உண்மை. ஆனால் அவன் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தான்.

மார்ச் 15

சந்தையில் தனூத்தா. அவள் மட்டும் இன்னும் என்னைக் கண்டால் நின்று பேசுகிறாள்.

"பேசிக்கிறாங்களா?"

"பேசுறாங்க. ஞாயித்துக்கிழமை உர்ஷுலா சாப்பிடக்கூட வர்றா. எல்லாம் பேசுறாங்க, அது ஒண்ணைத் தவிர. ரெண்டு பேரும் அந்த இடத்துக்கு வந்ததும் சுத்திப் போயிடுறாங்க, ரோட்டுல பள்ளத்தைச் சுத்திப் போற மாதிரி."

முட்டைக்கோஸ் வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மே 16

ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்த மனுஷியால் இனியும் பொறுக்க முடியாதே என்றுதான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. பொறுக்காதது எனக்கு. தாமியான் கடிகாரத்தைப் பார்த்ததும், நான் தோற்றுப்போவதும்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

பலகை அறுக்கும் ஆலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது திச்சின் வழியாக வந்தேன். வேறு வழி இருக்கிறது. இருந்தும் இந்த வழியில்தான் வந்தேன்.

உர்ஷுலாவின் உலைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கொட்டகை எழுப்பியிருக்கிறார்கள். ஹென்ரிக்கின் கடைசல் இயந்திரங்கள் அங்கே வந்து இறங்கிக்கொண்டிருந்தன. லாரிக்காரன் ஒரு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். முற்றத்தின் நடுவில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தினேன். இயந்திரத்தை எங்கே வைப்பது என்ற தகராறுதான் என்று நினைத்தேன். கண்ணாடியை இறக்கினேன்.

"…எல்லார் முன்னாலயும் சொன்னே! மாமா முன்னால, சித்தி முன்னால!" உர்ஷுலாவின் குரல் உடைந்திருந்தது. "நான் அவரை இழுத்துட்டுப் போனேனா? என்னைய இழுத்துட்டுப் போனதே அவருதான். நீ இருந்தியா இங்க? இருந்தியா?"

ஹென்ரிக் கையிரண்டையும் விரித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "உர்ஷுலா, நான்…"

கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.