எரிந்த கவச வண்டியில் கிடந்தவர் யார்?

மனுதாரர்:
முனவ்வர் பேகம், நயீம் அகமதுவின் மனைவி,
மேல்விஷாரம், வட ஆற்காடு ஜில்லா.

பெறுபவர்:
கவச மோட்டார் படையின் யுத்த சரித்திரத்தைத் தொகுக்கும் காப்டன் துரையவர்கள்,
வேலூர் முகாம்.

பொருள்: மெசபடோமியாவில் எரிந்துபோன வண்டியைப் பற்றி எழுதியிருப்பதைத் திருத்தவும், ஆதிகேசவன் என்பவர் மேல் விழுந்த பழியை நீக்கவும் வேண்டுவது.

கனம் பொருந்திய துரையவர்களுக்கு,

போன புதன்கிழமை வேலூரில் தாங்கள் கூட்டிய கூட்டத்தில், தங்கள் படையின் சரித்திரத்தைத் துபாஷி தமிழில் படித்துச் சொன்னார். படையில் போனவர்களின் குடும்பத்தார் என்று எங்களையும் வரவழைத்து, பெண்களுக்குத் தனியே திரை கட்டி, மரியாதையாக உட்கார வைத்தீர்கள். அதற்கு நன்றி. என் கணவரைப் பற்றி அதில் மிகவும் நல்லபடியாக எழுதியிருக்கிறது. எழுதியது நிஜம்தானா என்பதுதான் எனக்கு இப்போது சந்தேகம்.

என் கணவரும் ஆதிகேசவனும் ஒரே தோல் கிடங்கில் வேலை பார்த்தவர்கள். பாஸ்ரா வெயிலில் வண்டியின் இரும்புத் தகடு தோசைக்கல்லாகக் காய்கிறது, தொட்டால் கை பொத்துப் போகிறது, பிடிகளுக்கும் ஆசனங்களுக்கும் தோல் தைத்துப் போட ஆள் வேண்டும் என்று பட்டாளத்தார் தேடி வந்தார்கள். என் கணவர் தோல் தைக்கப் போனார். ஆதிகேசவன் வண்டி துடைக்கும் வேலைக்குப் போனார். துப்பாக்கி பிடிக்க இரண்டு பேருக்கும் தெரியாது.

பாக்தாதுக்கு அப்பால் ஒரு வண்டி மணலில் புதைந்துவிட்டதாகவும், துரைமார் மற்ற வண்டிகளில் ஏறி முன்னே சென்றதாகவும், இவர்கள் இருவரும் காவலுக்கு நிறுத்தப்பட்டதாகவும் தங்கள் சரித்திரம் சொல்கிறது. திரும்பி வந்தபோது வண்டி எரிந்து கிடந்தது. உள்ளே ஒரே ஓர் உடல். முகம் தெரியவில்லை. இடுப்பு வாரில் ஒரு துண்டு மட்டும் கருகாமல் இருந்தது. அதில் இரண்டு கீறலும் ஒரு துளையும் இருந்தன.

எங்கள் கிடங்குகளில் ஒவ்வொரு வேலைக்காரரும் தான் வேலை செய்த தோலின் ஓரத்தில் கத்தியால் தன் அடையாளத்தைப் போடுவார். யார் கைவேலை என்று மேஸ்திரி அதைப் பார்த்துத்தான் சொல்வார். இரண்டு கீறலும் ஒரு துளையும் என் கணவரின் அடையாளம். அதே படையிலிருந்த எங்கள் ஊர் அமீர் பாஷாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். கிடங்கில் பழகிய கண் அல்லவா, பார்த்தவுடனே "இது நயீம் பாய்தான்" என்று சொல்லிவிட்டார். நயீம் அகமது கடைசிவரை வண்டியோடு நின்று இறந்தார், கூட இருந்தவன் ஓடிவிட்டான் என்று எழுதியாயிற்று.

இதைத் துபாஷி படித்தபோது எனக்குப் பக்கத்தில் ஆதிகேசவனின் மனைவி கெங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. எழுந்து முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலில் எவனோ ஒருவன், "இன்னாம்மா, உன் வூட்டுக்காரன் இன்னும் ஓடிக்கினேதான் இருக்கானா?" என்று கேட்டான். சிரிப்பும் கேட்டது. அந்த நாக்கு அழுகிப் போகட்டும். மனு எழுதுகிற வேதாசலம் இந்த வரி வேண்டாம் என்றார். இருக்கட்டும் என்று நான்தான் எழுதச் சொன்னேன்.

அன்று மாலை அமீர் பாஷா எங்கள் வீட்டுக்கு வந்தார். பாஸ்ரா ஆஸ்பத்திரியில் வெகு காலம் கிடந்து, இந்த மாதம்தான் ஊர் திரும்பியவர். தொழுகைக்குக் கைகால் கழுவுவதற்காக இடுப்பு வாரைக் கழற்றித் திண்ணை மேல் வைத்தார். நான் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அதிலும் இரண்டு கீறலும் ஒரு துளையும் இருந்தன. அவர் கழுவிவிட்டு வந்ததும், அந்த வார் யாருடையது என்று கேட்டேன். "என்னுதுதாம்மா. மிஞ்சின தோலுல நம்ம ஊர் ஆளுங்க எல்லாருக்கும் நயீம் பாய்தான் வெட்டிக் குடுத்தாரு. ஆதிகேசவனுக்குந்தான்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. ஐயோ என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கை கழுவின ஈரம்கூடக் காயவில்லை.

அடையாளம் வாரை வெட்டியவருடையது, கட்டியவருடையது அல்ல. எரிந்து கிடந்தவர் என் கணவராகவும் இருக்கலாம், ஆதிகேசவனாகவும் இருக்கலாம். மற்றொருவர் ஓடினாரா, பிடிபட்டாரா, மணலில் எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரா என்று கண்டவர் ஒருவருமில்லை. இதை அமீர் பாஷா எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வார்.

நான் வளையலைக் கழற்றி, நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருந்து, ஃபாத்திஹா ஓதி, அழுது தீர்த்தவள். அந்த துஆவெல்லாம் ஆதிகேசவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் எனக்கு வருத்தமில்லை. அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். ஆனால் என் கணவருக்காக யார் அழுதார்கள் துரையவர்களே?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் அண்ணன் எனக்கு ஆம்பூரில் இரண்டாம் நிக்காஹ் பேசி முடித்திருக்கிறார். நல்ல மனிதர், நான் சம்மதித்தும் இருந்தேன். சாவு நிச்சயமில்லை என்றால் நிக்காஹ் ஓத முடியாது என்று ஜமாஅத்தில் சொல்லிவிட்டார்கள். "உனக்கு இன்னா பைத்தியமா? தானா வந்த நல்ல பேரை எதுக்கு நீயே கெடுத்துக்குற?" என்று அண்ணன் சத்தம் போட்டார். எனக்கு இருபத்தாறு வயது. இந்த மனுவால் என் கதி என்னவாகும் என்று தெரிந்துதான் எழுதச் சொல்கிறேன். நேற்று ஆம்பூருக்கு ஆள் அனுப்பி, காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகையால் தங்கள் சரித்திரம் அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தைத் திருத்தியருள வேண்டும். ஓடிவிட்டான் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். என் கணவரைப் பற்றி எழுதிய புகழையும் எடுத்துவிடுங்கள். நயீம் அகமது, ஆதிகேசவன் இருவரும் வண்டிக்குக் காவல் நின்றார்கள், இருவரும் வீடு திரும்பவில்லை என்று மட்டும் எழுதுங்கள். எனக்கும் கெங்கம்மாளுக்கும் நிச்சயமாகத் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்படிக்குத் தங்கள் தயவை வேண்டும்,
முனவ்வர் பேகம் (உருதுவில் கையொப்பம்)

சாட்சி: அமீர் பாஷா
மேல்விஷாரம், 1921 மார்ச் 14

கெங்கம்மாளிடமும் கைநாட்டுக் கேட்டோம். மனுவைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். புருஷன் செத்திருக்கலாம் என்று எழுதிய தாளில் விரல் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.