அக்கா பாடிய இரண்டாம் பகுதி

மார்ச் 4
மூன்று நாட்டுப்பாடல்களை வைத்து வாத்தியக் குழுவுக்கு எழுதிவந்த இசை ஒருவழியாக முடிந்தது. முதலில் உழவுப்பாட்டு, கடைசியில் ஓடப்பாட்டு, நடுவில் தாலாட்டு. அது அக்கா தன் மகளுக்குப் பாடியது. குழந்தை போன பிறகும் தினமும் சாயங்காலம் அவள் படத்தின் முன் உட்கார்ந்து பாடுகிறாள். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. கேட்டால் பூரித்துப்போவாள்.

மார்ச் 11
ஒத்திகை. அக்காவின் குரல் இரண்டு சுரங்களுக்கு நடுவே வழுக்கும் இடம் வயலின்களுக்குப் பிடிபடவே இல்லை. “தாலாட்டுன்னு வேற போட்டிருக்கீங்க, பின்வரிசை தூங்கிடப்போகுது சார்” என்றார் குழுவை நடத்துபவர். பெரிய வயலின் மாதிரி இருக்கும் செல்லோவிடம் கொடுத்துப் பார்த்தேன். வந்துவிட்டது — அப்படியே அக்கா.

மார்ச் 15
அக்காவை ஒத்திகைக்கு அழைத்துப்போனேன். தாலாட்டின் நாலாவது வரியில் எழுந்து வெளியே போய்விட்டாள். தாழ்வாரத்தில் ஓடிப்போய்ப் பிடித்தேன்.
“இதை எப்படா எழுதின?”
பொய் சொல்லியிருக்கலாம்.
“ஆஸ்பத்திரியில. அவ போன அன்னைக்கே.”
“நான் அவளை மடியில போட்டுப் பாடிட்டிருந்தேன். நீ எழுதிட்டிருந்தியா?”
ஆமா, எழுதிட்டுதான் இருந்தேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில். என்ன ஜென்மம் நான்?

மார்ச் 16
அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 19
அத்தான் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். “கோவமெல்லாம் இல்ல மாப்ள. சாயங்காலம் பாட உட்கார்றா. வாயைத் திறந்தா உன் வயலின் சத்தம்தான் கேக்குதாம். பாதியில எழுந்துடுறா.”
திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 20
தாலாட்டை எடுத்துவிட்டேன். “கச்சேரிக்கு நாலு நாள்தான் இருக்கு, விளையாடுறீங்களா?” என்றார் அரங்க மேலாளர். வாசிப்பவர்கள் முன்னிருந்த ஒவ்வொரு ஸ்டாண்டாகப் போய் நானே தாலாட்டுத் தாள்களை வாங்கினேன். செல்லோக்காரர் மட்டும் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார்.

மார்ச் 24
கச்சேரி. நல்ல கைதட்டல். எதுவும் குறைவதாக யாருக்கும் தெரியவில்லை. அதுவும் வலிக்கத்தான் செய்தது.

மே 2
அக்கா வீட்டுக்குப் போனேன். கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, “எனக்குப் பாதிக்கு மேல வரல. நீ பாடு” என்றாள்.
பாடினேன். ஒரு சுரம் விடவில்லை. முடியும்வரை கேட்டாள்.
“எல்லாம் சரியாத்தான் இருக்கு. அவளுக்குப் பாடுற மாதிரிதான் இல்ல.”
பிறகு போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். இரண்டு பேருமாக மடித்தோம்.